பிள்ளைக்கு முதல் வேட்டை ரைஃபிள்: உதை கம்மியா இருக்கறதை பார்த்து வாங்கறது எப்படி? முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவுல டெக்சாஸ், விஸ்கான்சின், பென்சில்வேனியா பக்கம் குடியிருக்கற நம்ம ஆளுங்க சில பேர் வீட்டுல இந்த பேச்சு ஒரு நாள் வந்துடும். கூட படிக்கற பசங்க நவம்பர் வந்தா மான் வேட்டைக்கு போறாங்க, பக்கத்து வீட்டுக்காரர் அவர் வேட்டைக்குன்னு குத்தகைக்கு எடுத்த நிலத்துக்கு (லீஸ்) ஒரு வீக்கெண்ட் வாங்கன்னு கூப்பிடறார், பையனோ பொண்ணோ "அப்பா நானும் கத்துக்கறேன்"னு நிக்குது. ஊர்ல துப்பாக்கியே பார்க்காம வளர்ந்த நமக்கு எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியாது. கடைக்கு போனா கவுன்ட்டர்ல இருக்கறவர் எடுத்ததும் கேலிபர், அதாவது தோட்டாவோட சைஸ் பத்தி பேச ஆரம்பிச்சுடுவார்.

என்னோட கருத்து கேலிபர் மூணாவதுதான். முதல்ல ஸ்டாக்கோட, அதாவது தோள்ல வெச்சு பிடிக்கற பின்கட்டையோட நீளம், அடுத்து ரைஃபிளோட எடை, அதுக்கப்புறம்தான் எந்த தோட்டாங்கறது. இந்த வரிசை தலைகீழா போனா பிள்ளை ரெண்டாவது ரவுண்டுலயே பயந்துடும், பயந்த பிள்ளை ட்ரிகரை இழுக்கும்போது கண்ணை மூடிக்கும், அப்படி சுட்டா மான் செத்துப்போகாம அடிபட்டு ஓடும். வேட்டையில இதைவிட மோசமான விஷயம் கிடையாது. அதனாலதான் உதையை, அதாவது சுடும்போது ரைஃபிள் பின்னாடி வந்து தோள்ல இடிக்கறதை பத்தி இவ்வளவு விலாவாரியா எழுதறேன்.

ஒண்ணு சொல்லிடறேன், இது முழுக்க அமெரிக்காவுக்கு மட்டும். இந்தியாவுல 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி வேட்டைங்கறதே குற்றம், ஆயுத லைசன்ஸுக்கும் 21 வயசு ஆகணும். அங்க இருக்கறவங்க இதை தெரிஞ்சுக்கறதுக்காக மட்டும் படிங்க.

முதல்ல சட்டம், அதுலயும் விசா

நம்ம ஆளுங்க கண்டிப்பா கவனிக்க வேண்டியது இது. எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 மாதிரி விசாவுல இருக்கறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வெச்சிருக்கறதை ஃபெடரல் சட்டம் பொதுவா தடை பண்ணுது. சில விதிவிலக்கு உண்டு, செல்லுபடியாகற வேட்டை லைசன்ஸ் கையில இருக்கறது அதுல ஒண்ணு. ஆனா லைசன்ஸ் காலாவதியான மறுநாள் நிலைமை மாறிடும், உங்க கிரீன் கார்டு ஃபைல்ல இது ஒரு பிரச்சனையா வந்து நிக்கக்கூடாது, அதனால கடைக்கு போறதுக்கு முன்னாடி ஒரு இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. ரேஞ்சுல வாடகைக்கு எடுத்து சுடறதுக்கும் சேர்த்தே கேளுங்க. கிரீன் கார்டு, சிட்டிசன்ஷிப் இருக்கறவங்களுக்கு இந்த விசா சிக்கல் கிடையாது.

பிள்ளை பேர்ல வாங்க முடியாது. 18 வயசுக்கு கீழ இருக்கறவங்களுக்கு டீலர் ரைஃபிள் விக்கக்கூடாதுங்கறது 1968 சட்டம். நீங்கதான் துப்பாக்கி வாங்கறவங்க நிரப்பற ஃபெடரல் படிவம் 4473ஐ நிரப்பி, பேக்ரவுண்ட் செக் முடிச்சு, உங்க பேர்ல வாங்கறீங்க. "பிள்ளையோட ரைஃபிள்"னு வீட்டுல சொல்லிக்கலாம், ஆனா பொறுப்பும் பூட்டு சாவியும் உங்களோடது.

வேட்டை விதி மாநிலத்துக்கு மாநிலம் வேற. டெக்சாஸ்ல 1971 செப்டம்பர் 2 அல்லது அதுக்கு அப்புறம் பிறந்தவங்க ஹன்டர் எஜுகேஷன் கோர்ஸ் முடிக்கணும், சர்டிபிகேட் வாங்க குறைஞ்ச வயசு 9. பொது சீசனுக்கு முன்னாடி அக்டோபர் கடைசியில 16 வயசு வரைக்கும் உள்ள பசங்களுக்குன்னே ஒரு வீக்கெண்ட் ஒதுக்கறாங்க, கூட்டம் இருக்காது, முதல் தடவைக்கு அதுதான் நல்லது. விஸ்கான்சின்ல 2017லேருந்து வயசு வரம்பு எடுத்துட்டாங்க, கூட வழிகாட்ட ஒரு பெரியவர் (மென்டர்) இருக்கணும். நியூயார்க்ல துப்பாக்கியால மான் வேட்டைக்கு 14 வயசுன்னு இருந்தது, 2021லேருந்து ஒத்துக்கிட்ட கவுன்ட்டிகள்ல மட்டும் 12, 13 வயசு பசங்களையும் பெரியவங்க துணையோட விடறாங்க.

தோட்டாவுக்கும் விதி இருக்கு. கொலராடோவுல மான், எல்க் (பெரிய வகை மான்) மாதிரி பெரிய மிருகத்துக்கு .24 கேலிபருக்கு, அதாவது 0.24 இன்ச் குறுக்களவுக்கு கீழ எதுவும் ஆகாது, அதனால .223 அங்க சட்டப்படியே அவுட். டெக்சாஸ்ல சென்டர்ஃபயர் (அடிப்பாகத்தோட நடுவுல அடிச்சு வெடிக்கற தோட்டா) எதுவா இருந்தாலும் மானுக்கு சரி, .22 மாதிரி ரிம்ஃபயர் (அடி விளிம்புல அடிச்சு வெடிக்கற சின்ன தோட்டா) கூடாது. ஒஹாயோ, ஐயோவா மாதிரி சில இடத்துல பவுடர் இருக்கற கூடு (கேஸ்) கழுத்து குறுகாம நேரா இருக்கற தோட்டாக்கள்தான் ரைஃபிள்ல ஓகே. கலிஃபோர்னியாவுல 2019 ஜூலையிலேருந்து வேட்டைக்கு ஈயம் இல்லாத புல்லட் (தோட்டாவுலேருந்து பறந்து போற முனை) மட்டும்தான். உங்க மாநில வைல்ட்லைஃப் டிபார்ட்மென்ட் வருஷா வருஷம் விடற விதிப்புத்தகத்தை எடுத்து, தோட்டா பத்தின பக்கத்தை படிச்சுட்டு அப்புறமா பணத்தை எடுங்க.

பிள்ளை ரெடியா?

வயசை வெச்சு சொல்ல முடியாது. 9 வயசுல பொறுமையா உக்கார்ற பிள்ளையும் உண்டு, 14 வயசுல சொன்ன பேச்சு கேக்காத பிள்ளையும் உண்டு. நான் பார்க்கறது மூணே விஷயம். "நிறுத்து"ன்னா அந்த நொடியே நிறுத்துதா. துப்பாக்கி வாய் எந்த பக்கம் பார்க்குதுன்னு யாரும் ஞாபகப்படுத்தாமலே கவனிக்குதா. ஒரு உயிரை எடுக்கப்போறோம்னு புரிஞ்சுதான் வருதா. மூணாவதை பத்தி வீட்டுல உக்காந்து பேசுங்க, அம்மாவும் அந்த பேச்சுல இருக்கட்டும். வேண்டாம்னு சொன்னா அதோட விட்டுடணும். அடுத்த வருஷம் அதுவே கேக்கலாம், கேக்காமலும் போகலாம்.

சென்டர்ஃபயர் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு .22ல குறைஞ்சது ஒரு சீசன் சுடட்டும். சாவேஜ் ராஸ்கல் மாதிரி ஒத்தை தோட்டா ரைஃபிள் மூணு பவுண்டு கூட வராது, சின்ன கைக்கு அளவா செஞ்சது, ட்ரிகரை இழுக்காமலே தோட்டாவை வெளிய எடுத்துடலாம். கொஞ்சம் பெரிய பிள்ளைன்னா ரூகர் 10/22 காம்பேக்ட். .22ல உதைங்கறதே தெரியாது, அதனால மூச்சு, ட்ரிகர், குறி மூணும் பயமில்லாம படியும். சின்ன தோட்டாதானேன்னு அசால்ட்டா இருக்காதீங்க, அது ஒன்றரை மைல் வரைக்கும் போகக்கூடியது, பின்னாடி மண்மேடு இல்லாத இடத்துல சுடவே கூடாது.

இந்த கட்டத்துலயே எந்த கண் பலமானதுன்னு பார்த்துடுங்க. ரெண்டு கையையும் நீட்டி நடுவுல சின்ன ஓட்டை வர்ற மாதிரி வெச்சு, தூரத்துல ஒரு பொருளை ரெண்டு கண்ணும் திறந்து பார்க்க சொல்லுங்க, அப்புறம் ஒவ்வொரு கண்ணா மூட சொல்லுங்க. எந்த கண் திறந்திருக்கும்போது பொருள் ஓட்டைக்குள்ளயே இருக்கோ அதுதான் பலமான கண். வலது கை பிள்ளைக்கு இடது கண் பலமா இருந்தா இப்பவே இடது தோள்ல வெச்சு பழக்கலாமான்னு யோசிங்க, அப்படி முடிவு பண்ணா இடது கை போல்ட் (தோட்டாவை உள்ள தள்ளி, வெளிய இழுக்கற கம்பி) மாடல் தேடணும்.

உதைன்னா என்ன, எவ்வளவு

புல்லட் முன்னாடி போகுது, ரைஃபிள் பின்னாடி வருது, அவ்வளவுதான். புல்லட்டோட எடை, அதோட வேகம், உள்ள எரியற பவுடரோட அளவு இதெல்லாம் கூடக்கூட உதை கூடும், ரைஃபிளோட எடை கூடக்கூட குறையும். இதை ஃபுட்-பவுண்ட்ல கணக்கு போடுவாங்க. ஏழிலேருந்து எட்டு பவுண்டு ரைஃபிள்ல தோராயமா, .223 ரெமிங்டன் 4, .243 வின்செஸ்டர் 9, .350 லெஜண்ட் கிட்டத்தட்ட அதே 9, பழைய .30-30 சுமார் 11, 6.5 க்ரீட்மோரும் 7மிமீ-08ம் 12, 13, .308 16 பக்கம், .30-06 20. .300 வின்செஸ்டர் மேக்னம் 25ஐ தாண்டும்.

பழகின பெரியவங்க 15 வரைக்கும் நாள் முழுக்க சுடுவாங்க. பிள்ளைக்கு 10க்குள்ள வெச்சுக்கோங்கன்னுதான் நான் சொல்வேன். 12 வயசு தாண்டி நல்ல உடம்பா இருந்தா 12, 13 வரைக்கும் போகலாம்.

இந்த நம்பர் மட்டுமே கதை இல்ல. ஒரே உதை ஒரு ஸ்டாக்ல நேரா தோளுக்குள்ள போகும், இன்னொரு ஸ்டாக்ல கன்னத்துல அறையும். பின்பக்கம் சரிஞ்சு இறங்கற பழைய ஸ்டாக்ல ரைஃபிள் மேல எகிறும், நேரான ஸ்டாக்ல பின்னாடி மட்டும் தள்ளும். அதோட சத்தம். பிள்ளைக்கு வலியா தெரியறதுல பாதி உண்மையில சத்தம்தான்.

நீளம்: முதல்ல பார்க்க வேண்டியது

ட்ரிகர்லேருந்து ஸ்டாக்கோட பின் முனை வரைக்கும் உள்ள தூரம்தான் இங்க கணக்கு. பெரியவங்க ரைஃபிள்ல இது பதிமூன்றரை இன்ச்சுக்கு மேல இருக்கும். பத்து வயசு பிள்ளைக்கு 12 இன்ச் பக்கம் வேணும். ஒரு இன்ச்தானேன்னு தோணும், ஆனா அந்த ஒரு இன்ச் எல்லாத்தையும் கெடுத்துடும்.

எப்படி கெடுக்கும்னு பாருங்க. நீளம் அதிகமான ரைஃபிளை தோள்ல வெக்க சொன்னா பிள்ளை இடுப்பை முன்னாடி தள்ளி முதுகை பின்னாடி வளைச்சு நிக்கும், முன்னாடி பிடிக்கற கையோட முழங்கை நேரா விறைச்சுக்கும், பட் (ஸ்டாக்கோட பின் முனை) தோள் குழியில உக்காராம கைப்பக்கம் நழுவி எலும்பு மேல போய் நிக்கும். ஸ்கோப்புக்குள்ள படம் தெரியாது, அதனால கழுத்தை நீட்டி நீட்டி முன்னாடி போகும். இந்த நிலையில சுட்டா முழு அடியும் தோள் எலும்புல விழும், உடம்பு பின்னாடி சாயும், .243 கூட .30-06 மாதிரி தெரியும். அதே பிள்ளைக்கு அளவான ஸ்டாக் குடுத்தா லேசா முன்னாடி சாஞ்சு நிக்கும், ரெண்டு முழங்கையும் மடங்கியிருக்கும், கன்னம் தானா ஸ்டாக்ல போய் படியும், தள்ளுறதை மொத்த உடம்பும் வாங்கிக்கும்.

கடையில செக் பண்றது ஈஸி. ரைஃபிள் காலியா இருக்கறதை போல்ட்டை திறந்து கண்ணாலயும் விரலாலயும் பார்த்துட்டு, முழங்கையை மடக்கி அந்த மடிப்புல ஸ்டாக்கோட பின் முனையை வெக்க சொல்லுங்க, ஆள்காட்டி விரலோட முதல் மூட்டு ட்ரிகர்கிட்ட வரணும். இது தோராயம்தான். சரியான டெஸ்ட் தோள்ல வெச்சு பார்க்கறது: கன்னத்தை ஸ்டாக்ல வெச்சா பிடிச்சிருக்கற கட்டைவிரலுக்கும் மூக்குக்கும் நடுவுல ரெண்டு மூணு விரல்கடை இடம் இருக்கணும். அதைவிட குறைஞ்சா உதைக்கும்போது கட்டைவிரலே மூக்குல இடிக்கும். மினசோட்டா, விஸ்கான்சின் பக்கம் இருக்கறவங்க குளிர் ஜாக்கெட் போட்டுக்கிட்டே இதை பாருங்க, அந்த பஞ்சு மட்டுமே அரை இன்ச்சுக்கு மேல தின்னுடும்.

ஸ்பேசர் (நீளத்தை கூட்ட நடுவுல செருகற தட்டு) வெச்ச ஸ்டாக் கிடைச்சா ரொம்ப நல்லது, பிள்ளை வளர வளர ஒவ்வொரு தட்டா சேர்த்துக்கலாம். ரூகர் அமெரிக்கன் ஜெனரேஷன் 2ல 12 இன்ச்சுலேருந்து பதிமூணே முக்கால் வரைக்கும் மாத்தலாம். மாஸ்பெர்க் பேட்ரியட்டோட யூத் சூப்பர் பேன்டம் 12லேருந்து 13 வரை. டிக்கா டி3எக்ஸ் காம்பேக்ட்டும் ஸ்பேசரோட வருது, விலை கூட, ஆனா போல்ட் வெண்ணெய் மாதிரி ஓடும். சாவேஜ் ஆக்சிஸ்லயும் காம்பேக்ட் இருக்கு, பட்ஜெட்டுக்கு அதுதான் முதல்ல பார்க்கறது.

எடை: லேசானது மென்மையானது இல்ல

இதுலதான் நிறைய அப்பாக்கள் ஏமாறாங்க. சின்ன பிள்ளை, அதனால லேசான ரைஃபிள்னு தோணறது இயல்பு. ஆனா அதே தோட்டாவுக்கு ரைஃபிள் எடை குறைய குறைய உதை அதே விகிதத்துல ஏறும். ஏழரை பவுண்டு ரைஃபிள்ல 9 ஃபுட்-பவுண்ட் உதைக்கற .243ஐ 6 பவுண்டு ரைஃபிள்ல போட்டா 11ஐ தாண்டிடும், அதாவது எட்டு பவுண்டு 6.5 க்ரீட்மோருக்கு பக்கத்துல போயிடுது. உதை குறையணும்னு கேலிபரை இறக்கிட்டு, லேசா இருக்கணும்னு ரைஃபிள் எடையையும் இறக்கினா வாங்கின லாபம் பாதி போச்சு. ஆறு பவுண்டுக்கும் கம்மியான ஒத்தை தோட்டா ரைஃபிள்கள்ல .243 போட்டு யூத் மாடல்னு விக்கறாங்க, விலை கம்மி, பார்க்க அழகா இருக்கும், பிள்ளை தோளுக்கு அது தேவையில்லாத அடி.

ஸ்கோப், அதை மாட்டற மவுன்ட், தோள்ல மாட்டற ஸ்லிங் எல்லாம் சேர்த்து ஏழிலேருந்து எட்டு பவுண்டுக்குள்ள வந்தா சரி. அவ்வளவு கனத்தை பிள்ளை எப்படி தூக்கும்னா, தூக்க வேண்டாம். டெக்சாஸ்ல பெரும்பாலும் தீனி போடற ஃபீடர் பக்கம் போட்ட பிளைண்டுக்குள்ள (மறைஞ்சு உக்கார்ற கூண்டு) உக்காந்துதான் வேட்டை, ரைஃபிள் ஜன்னல் விளிம்புலயோ ட்ரைபாட்லயோ உக்காந்திருக்கும். நடந்து போற வேட்டைன்னா பிளைண்ட் வரைக்கும் நீங்க தூக்கிட்டு போங்க, சுடும்போது ரைஃபிளை தாங்கற ஷூட்டிங் ஸ்டிக் குடுங்க. கனம் முன்பக்கம் மட்டும் இழுக்காம இருக்கணும், அதுக்கு பேரல் (குழல்) 20 இன்ச் பக்கம் இருந்தா போதும். ரொம்ப குட்டை பேரல்ல சத்தம் காதை பிளக்கும்.

ஸ்டாக் உள்ள காலியா இருக்கற பிளாஸ்டிக் மாடல்கள்ல பின்பக்கம் கொஞ்சம் கனம் சேர்த்துக்கலாம், கன்ஸ்மித் (துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்) செஞ்சு குடுப்பார். பின்னாடி மெத்துன்னு இருக்கற ரப்பர் பேட் கண்டிப்பா வேணும். லிம்ப்சேவர் மாதிரி நல்ல பேட் மாத்தினாலே தோள்ல வித்தியாசம் தெரியும், ஆனா பேட் தடிமன் நீளத்தை கூட்டும், அளவு எடுக்கும்போது அதையும் சேர்த்துக்கோங்க.

இப்ப கேலிபர்

ஒரே பதில் கேட்டா .243 வின்செஸ்டர். 1955ல வந்தது, .308 கேஸோட கழுத்தை சுருக்கி 6 மிமீ புல்லட் போட்டது. 95லேருந்து 100 கிரெய்ன் (புல்லட்டோட எடை அளவு) புல்லட், அதனால உதை .308ல பாதிக்கு கொஞ்சம் மேல, மான்கிட்ட 100 கஜத்துல 1,600 ஃபுட்-பவுண்ட் பக்கம் கொண்டுபோய் சேர்க்கும். எந்த ஊர் வால்மார்ட்லயும் ஃபீட் ஸ்டோர்லயும் தோட்டா கிடைக்கறதும் சின்ன விஷயம் இல்ல, சீசன் ஆரம்பிக்கற வாரத்துல தோட்டா தேடி அலையறதை பார்த்தவங்களுக்கு இது புரியும்.

ஆனா .243ல எந்த புல்லட்டுங்கறதுல ரொம்ப கறாரா இருங்க. 55, 58 கிரெய்ன்ல வர்றது கயோட்டி, ப்ரேரி டாக் மாதிரி சின்ன மிருகத்துக்கு, பட்டதும் தூளாயிடும், மான் தோள்ல பட்டா மேல் காயத்தோட நின்னுடும். மானுக்கு நோஸ்லர் பார்ட்டிஷன், ரெமிங்டன் கோர்-லாக்ட், வின்செஸ்டர் பவர்-பாயின்ட் மாதிரி 95, 100 கிரெய்ன் வேட்டை புல்லட். ஈயம் வேண்டாம்னா பார்ன்ஸோட 80 கிரெய்ன் செம்பு புல்லட் இருக்கு, எடை கம்மியானாலும் உடையாம உள்ள போகும். பிள்ளை சாப்பிடற கறிதானே, நான் செம்பு பக்கம்தான் சாய்வேன்.

பெரிய பிள்ளை, பல வருஷம் வெச்சுக்கற ரைஃபிள், ஒரு நாள் எல்க் வரைக்கும் போகணும்னு ஆசை இருந்தா 7மிமீ-08, 6.5 க்ரீட்மோர் ரெண்டும் அருமை. 7மிமீ-08ன்னா முதல் ரெண்டு வருஷத்துக்கு ஹார்னடி கஸ்டம் லைட் மாதிரி உதை குறைச்ச தோட்டா போட்டு, தோள் தேறினதும் முழு தோட்டாவுக்கு மாறலாம். வீட்டுல ஏற்கனவே ஒரு .308 இருந்தா அதுக்கும் 125 கிரெய்ன்ல இதே லைட் தோட்டா கிடைக்குது, புது ரைஃபிள் வாங்காம குட்டை ஸ்டாக் மட்டும் மாத்தி ஓட்டிடலாம்.

நேர் கேஸ் விதி இருக்கற மாநிலத்துக்கு 2019ல வந்த .350 லெஜண்ட் பிள்ளைங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு, 150 கஜத்துக்குள்ள வெச்சுக்கோங்க. .223 பத்தி எப்பவும் கேப்பாங்க. உதை ஒண்ணுமே இல்லதான், ஆனா புல்லட் சின்னது, தப்புக்கு இடம் குடுக்காது. சட்டம் அனுமதிச்சு, 60 கிரெய்னுக்கு மேல மானுக்குன்னு செஞ்ச புல்லட் போட்டு, 100 கஜத்துக்குள்ள, மான் பக்கவாட்டுல அசையாம நிக்கும்போது மட்டும்னு நீங்க பக்கத்துல உக்காந்து கட்டுப்படுத்தினா ஓடும். எனக்கு .243தான் மனசுக்கு நிம்மதி. .30-06ஐ "நான் அதுலதான் கத்துக்கிட்டேன்"னு சொல்லி குடுக்கற தாத்தாக்கள் அமெரிக்காவுல நிறைய. மரியாதையா வேண்டாம்னுடுங்க.

போல்ட்டா, லீவரா, ஆட்டோவா

போல்ட். திறந்து வெச்சா பத்தடி தள்ளி நின்னே தெரியும், ஒவ்வொரு தோட்டாவுக்கும் பிள்ளை யோசிச்சு கையை அசைக்கணும், முதல் வருஷம் மேகசினே போடாம ஒத்தை தோட்டாவா குடுக்கலாம். லீவர் ஆக்ஷன் (அடியில இருக்கற வளையத்தை இழுத்து தோட்டா ஏத்தறது) பார்க்க ஆசையா இருக்கும், ஆனா தோட்டா உள்ள இருக்கும்போது சின்ன கட்டைவிரலால ஹாமரை (தோட்டாவை வெடிக்க வெக்கற சுத்தியல்) மெதுவா இறக்கறது ஆபத்தான வேலை, குளிர்ல இன்னும் மோசம். ஹாமர் வெளிய இருக்கற, நடுவுல மடிச்சு தோட்டா போடற ரைஃபிள்லயும் இதே சிக்கல். செமி ஆட்டோல உதை குறையும், நீளம் மாத்தற ஸ்டாக்கும் வருது, ஆனா சுட்ட அடுத்த நொடி இன்னொரு தோட்டா ரெடியா நிக்குது, அது முதல் வருஷ பிள்ளைக்கு வேண்டாம்.

ட்ரிகரை இழுக்க வேண்டிய பலம் மூணு பவுண்டு பக்கம் இருக்கட்டும். ஆறு பவுண்டு ட்ரிகரை சின்ன விரல் இழுக்கும்போது ரைஃபிளே சாயும். சாவேஜோட அக்யூட்ரிகர் இருக்கற மாடல்கள்ல வீட்டுலயே சரி பண்ணிக்கலாம். இரண்டரைக்கு கீழ இறக்காதீங்க, கையுறை போட்ட விரலுக்கு தெரியாமலே வெடிச்சுடும்.

செகண்ட் ஹேண்ட்ல ரெமிங்டன் மாடல் செவன் அடிக்கடி வரும், பிள்ளைக்கு நல்ல அளவு. ஆனா 2006 மே மாசத்துலேருந்து 2014 ஏப்ரல் வரைக்கும் செஞ்ச மாடல் 700, மாடல் செவன் ரைஃபிள்கள்ல இருந்த எக்ஸ்-மார்க் ப்ரோ ட்ரிகரை, இழுக்காமலே வெடிச்சுடலாம்னு கம்பெனியே 2014ல ரீகால் பண்ணுச்சு. அந்த ரீகால் ரிப்பேர் முடிஞ்சதா, இல்ல ட்ரிகரே மாத்திட்டாங்களான்னு ஒரு கன்ஸ்மித்கிட்ட காட்டாம பிள்ளை கையில குடுக்காதீங்க.

ஸ்கோப்பும் காதும்

ஸ்கோப் 2-7 அல்லது 3-9 (எத்தனை மடங்கு பெருசா காட்டும்ங்கற பவர்) போதும், வேட்டையில கம்மி பவர்ல வெச்சுக்கணும், அப்பதான் மானை சீக்கிரம் கண்டுபிடிக்கும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவுல மூன்றரை இன்ச்சுக்கு குறையாம இடம் வேணும். கடையில பெரியவர் கண்ணுக்கு மாட்டி குடுப்பாங்க, அப்படியே எடுத்துட்டு வராதீங்க, பிள்ளை கன்னத்தை ஸ்டாக்ல வெச்சு முழு வட்டம் தெரியற இடத்துல மவுன்ட்டை நகர்த்தி இறுக்குங்க. ஸ்கோப் விளிம்பு புருவத்துல ஒரு தடவை வெட்டிச்சுன்னா அந்த பிள்ளையை திரும்ப ரைஃபிள்கிட்ட கூட்டிட்டு வர்றது ரொம்ப கஷ்டம்.

சென்டர்ஃபயர் ரைஃபிள் சத்தம் 160 டெசிபல் பக்கம், 140 தாண்டினாலே ஒரே வெடியில காது நிரந்தரமா கெடலாம். காதுக்குள்ள ஃபோம் ப்ளக், அதுக்கு மேல இயர்மஃப், ரெண்டும் சேர்த்து. வேட்டையில எலக்ட்ரானிக் மஃப் போட்டா நீங்க காதோரம் சொல்றதும் கேக்கும். பேரல் முனையில மாட்டற மஸில் பிரேக் உதையை நல்லா குறைக்கும், ஆனா சத்தத்தை பின்னாடியும் பக்கவாட்டுலயும் அடிக்கும், அந்த அதிர்ச்சியிலயே பிள்ளை கண்ணை மூடும், அதனால வேண்டாம். பேரல் முனையில மாட்டற சத்தம் அடக்கி (சப்ரஸர்) சத்தம், உதை ரெண்டையும் குறைக்கும், மாநில சட்டம் விட்டா நல்ல வழி, பேப்பர் வேலைதான் அதிகம்.

பழக்கறது

ஸ்கோப்பை ஜீரோ பண்றதெல்லாம் (குறி வெச்ச இடத்துலயே புல்லட் விழற மாதிரி சரி பண்றது) நீங்க முடிச்சு வெச்சிடணும். பெஞ்சுல குனிஞ்சு உக்காந்து சுடும்போதுதான் உதை ரொம்ப தெரியும், உடம்பு பின்னாடி போக வழியே இருக்காது. பிள்ளையை நிமிர்ந்து உக்கார வெச்சு, ஸ்டிக்ல ரைஃபிளை வெச்சு சுட விடுங்க, பிளைண்டுலயும் அப்படித்தானே சுடப்போகுது.

அதுக்கு முன்னாடி பல நாள் வீட்டுல ஸ்னாப் கேப் (வெடிக்காத டம்மி தோட்டா) போட்டு காலி பயிற்சி. அந்த ரூம்ல நிஜ தோட்டா ஒண்ணு கூட இருக்கக்கூடாது, குறி வெக்கற சுவருக்கு பின்னாடி யாரும் இருக்கக்கூடாது. ரேஞ்சுக்கு போனா முதல்ல .22, நடுவுல பெரிய ரைஃபிள்ல பத்து ரவுண்டுக்கு மேல வேண்டாம், கடைசியில திரும்ப .22, சிரிச்சுக்கிட்டே வீட்டுக்கு வரணும்.

பிள்ளைங்க வலிக்குதுன்னு அப்பாகிட்ட சொல்லவே சொல்லாது. உடம்பை பாருங்க. ட்ரிகரை இழுக்கறதுக்கு முன்னாடி தோள் காதுப்பக்கம் ஏறுதா, உதடு இறுகுதா, சுட்டதும் கை தோளை தடவுதா. சந்தேகம் இருந்தா தோட்டாவை நீங்களே போடுங்க, நடுநடுவுல சொல்லாம ஸ்னாப் கேப் ஒண்ணு போடுங்க. "டிக்"குன்னு மட்டும் கேக்கும்போது பேரல் முனை கீழ குத்துச்சுன்னா பயம் உள்ள இருக்கு. திட்டாதீங்க, அன்னிக்கு பெரிய ரைஃபிளை மூடி வெச்சுட்டு .22க்கு போயிடுங்க.

ஆறு இன்ச் பேப்பர் தட்டை 50 கஜத்துல வெச்சு, வேட்டைக்கு உக்கார்ற மாதிரியே உக்காந்து, தொடர்ந்து எல்லா தோட்டாவும் உள்ள விழணும். மானோட இதயம் நுரையீரல் பகுதி எட்டு இன்ச் பக்கம்தான், ஆறுல பழகினா கொஞ்சம் கை மிச்சம் இருக்கும். எந்த தூரம் வரைக்கும் தட்டுக்குள்ள எல்லாம் விழுதோ அதுதான் அந்த சீசனோட எல்லை, 70 கஜம்னா 70 கஜம்தான், 71ல எவ்வளவு பெரிய கொம்பு நின்னாலும் பார்த்துட்டு விட்டுடணும்னு முன்னாடியே பேசி வெச்சுக்கோங்க. ரேஞ்சுலேருந்து வந்ததும் கை முகம் சோப்பு போட்டு கழுவணும், அதுக்கப்புறம்தான் தின்பண்டம். ஈயத்தூசி கண்ணுக்கு தெரியாது.

வீட்டுல

ரைஃபிள் சேஃப்ல, தோட்டா வேற பூட்டுல, ரெண்டு சாவியும் பிள்ளைக்கு தெரியாத இடத்துல. எவ்வளவு நல்ல பிள்ளையா இருந்தாலும் சரி, வீட்டுக்கு வர்ற அதோட ஃப்ரெண்ட்ஸை உங்களுக்கு தெரியாது. டெக்சாஸ்ல 17 வயசுக்கு கீழ இருக்கற பிள்ளை கைக்கு எட்டற மாதிரி சுடற நிலையில துப்பாக்கியை விட்டு வெச்சு, அது பிள்ளை கைக்கு போச்சுன்னா பெரியவர் மேல கேஸ் வரலாம், பெரியவர் கூட இருந்து வேட்டைக்கு பழக்கறது அதுல இருக்கற விலக்குகள்ல ஒண்ணு. வீட்டுல யாருக்காவது மனசு சரியில்லாத காலம்னா ரைஃபிளை கொஞ்ச நாள் வெளிய பத்திரமான இடத்துல குடுத்து வெக்கறதுக்கு தயங்கவே தயங்காதீங்க.

வேட்டை நாள்ல ஆரஞ்சு ஜாக்கெட், தொப்பி. விஸ்கான்சின்ல 2016லேருந்து பளிச்சுன்னு இருக்கற பிங்க்கும் செல்லும், பொண்ணு கேட்டா வாங்கி குடுங்க.

செலவு தோராயமா ரைஃபிள் 400லேருந்து 700 டாலர், ஸ்கோப்பும் மவுன்ட்டும் 200, காதுக்கு ரெண்டு செட், பேட், பழக தோட்டா. பட்ஜெட் இடிச்சா ரைஃபிள் விலையில குறைங்க, இயர்மஃப்லயும் பூட்டுலயும் குறைக்காதீங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை முழங்கை மடிப்புல வெச்சு திரும்ப அளவு பாருங்க, விரல் ட்ரிகரை தாண்ட ஆரம்பிச்சா ஒரு ஸ்பேசர் சேருங்க, ஸ்கோப்பையும் அதுக்கேத்த மாதிரி பின்னாடி நகர்த்துங்க. பெரியவங்க அளவு ஸ்டாக்கை தனியா வாங்கி மாட்டிக்கலாம், பழைய குட்டை ஸ்டாக்கை தூக்கி போடாதீங்க, அடுத்து தம்பியோ தங்கச்சியோ கேக்கும்போது அது வேணும்.